வீட்டில் தோற்றவள் என்று யார் சொன்னது?

திரையில் சிரிக்கவைத்தவள் வீட்டில் அழுதாள். நகைச்சுவை நடிகை ஒருத்தியைப் பற்றி எழுதினால் கடைசியில் இந்த ஒப்பாரியில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் லூசில் பாலைப் பற்றியும் இதையே படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது.

1951இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் அவர் இல்லத்தரசி. மேடையேற ஆசைப்படுவாள். பாடகனான கணவன் தடுப்பான். திருட்டுத்தனமாக நுழைந்து எல்லாவற்றையும் சொதப்பிவிட்டு வீடு திரும்புவாள். சில கதைகளில் கணவன் அவளைக் குழந்தைபோல மடியில் கிடத்தி அடிப்பான், அதற்கும் சிரிப்பொலி. முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கணவனாக நடித்த டெசி அர்னாஸ் அவருடைய நிஜக் கணவர். கியூபாக்காரரை வெள்ளைக்காரப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. லூசில் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் டெசிலூ நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார்கள். அர்னாஸ் திறமையான தயாரிப்பாளர், மறுக்கவில்லை.

1952இல் லூசில் கருவுற்றார். கதையிலும் லூசி கருவுற்றாள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல் வசனத்தில் வரக்கூடாதாம்! கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத ரபி மூவரும் வசனங்களைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிப் பேச மூன்று ஆண்களின் அனுமதி.

1960இல் அவரே விவாகரத்துக் கோரினார். 1962இல் அர்னாஸின் பங்கை விலைக்கு வாங்கி டெசிலூவின் தலைவரானார். அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' தொடர்கள் அவர் தலைமையில் வெளிவந்தவை. திரையில் அடுப்படிக்குத் துரத்தப்பட்டவள், வெளியே ஒரு நிறுவனத்துக்கே முதலாளி.

அதே 1962இல் தொடங்கிய 'த லூசி ஷோ'வில் அவருக்கு என்ன வேடம்? விதவை. மணவிலக்குப் பெற்றவள், உடன் வசிக்கும் தோழி. கணவன் செத்தால் அனுதாபம். கணவனை விட்டு வந்தால் அவப்பெயர். இந்தக் கணக்கு நமக்கும் புதிதில்லையே!

மணமுறிவு இருவருக்கும்தான் நடந்தது. தோற்றவள் என்ற பட்டம் மட்டும் ஏன் ஒருத்திக்கு? ஒத்துவராத திருமணத்திலிருந்து வெளியேறி, தன் உழைப்பையும் காப்பாற்றிக்கொண்டவள் எங்கே தோற்றாள்? அவருக்கு நம் அனுதாபம் தேவையில்லை. அவருடைய வேலையைப் பற்றி எழுதுங்கள், போதும்.