வேலைக்குப் போகிற அரிவாளுக்கு வழி விடுங்கள்



பனையேறிகள், இளநீர் வெட்டுகிறவர்கள், விறகு வெட்டுகிறவர்கள், இவர்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். தென்மாவட்டங்களில் விடிகாலைப் பேருந்துகளில் எங்களைப் பார்த்திருப்பீர்கள். பையிலிருந்து அரிவாள் பிடி எட்டிப் பார்த்தாலே பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் தேடுகிறார். வாகனச் சோதனையில் நிறுத்தி வைத்தால் அன்றைய கூலி போச்சு.

அரிவாள் வைத்திருப்பதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. “ஒன்பது அங்குலத்துக்கு மேல் போனால் கேஸ்” என்று டீக்கடையில் அடித்துச் சொல்பவர்கள் பாதியை மட்டும் படித்தவர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற அளவு இருப்பது உண்மை. ஆனால் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்காக வடிவமைத்தவை அதில் வராது என்று அதே விதி சொல்கிறது. வெறும் அளவை வைத்துப் பார்த்தால் ஊரில் பாதி வெட்டரிவாள் ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும்.

எது வேலைக்கானது என்பது பட்டறையில் நிற்பவனுக்குப் பார்த்ததும் தெரியும். வெட்டரிவாளின் மூக்கு வளைந்திருப்பது கிளையை இழுத்து வெட்டுவதற்காக. பாளை அரிவாளோ பாளையை மெல்லிசாகச் சீவுவதற்கென்றே தீட்டப்பட்டது. அதை வாங்கி ஒரு தேங்காய் மட்டையைக் கொத்திப் பாருங்கள், பனையேறி உங்களோடு சண்டைக்கு வந்துவிடுவார். செல்போனில் ஒரு சினிமாப் படத்தைக் காட்டி, “இதே மாதிரி வேணும்ணே, இன்னும் கொஞ்சம் நீளமா” என்று கேட்கும் பையன்களும் பட்டறைக்கு வருகிறார்கள். திருப்பி அனுப்பிவிடுகிறோம். வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் குறித்து வைக்கச் சொல்லி 2021-இல் காவல்துறை அறிவுறுத்தியது. கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லிவிட்டு வாங்கிப் போங்கள்.

எங்களுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததில் கேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ரவுடி வீச்சரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டினார். சுற்றி வளைத்த போலீஸ் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அதற்குப் பிறகும் அந்தக் கூத்து நிற்கவில்லை. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடும் தம்பிகளே, கேக் வெட்ட ஒரு பிளாஸ்டிக் கத்தி போதும். நீங்கள் வாங்கும் லைக்குக்கு விலை கொடுப்பது வேலைக்குப் போகும் உங்கள் சித்தப்பாவும் பெரியப்பாவும்.

எங்கள் ஆட்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டி, கயிறு போட்டு எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் அதோடு டாஸ்மாக் வாசலில் நிற்காதீர்கள். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகாதீர்கள். விவசாயக் கருவிதானே என்ற சலுகை, ஒருவரை மிரட்ட அதை ஓங்கிய நொடியோடு முடிந்தது. பரமக்குடியிலும் பசும்பொன்னிலும் நடக்கும் தலைவர்களின் நினைவு நிகழ்வுகளை ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். அந்த நாட்களில் கருவியைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வந்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

காவல்துறையினர் எங்களைச் சோதிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சோதியுங்கள். கையில் காய்ப்பு இருக்கிறதா, எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், அங்கே ஒரு போன் போட முடியுமா என்று பாருங்கள். பறிமுதல் செய்வதானால் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறபடி வீடியோவில் பதிவு செய்யுங்கள். வழக்கில் மாட்டிக்கொண்ட தொழிலாளி வக்கீலுக்குப் பணமில்லையே என்று தவிக்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

பொதுமக்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அரிவாளோடு ஒருவரைப் பார்த்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால், “அண்ணே, எங்க வேலைக்கு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 100-க்கு அழையுங்கள். நாங்களே உங்களோடு நிற்போம். பதில் சரியாக இருந்தால் அவருக்கு இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரிவாள் பிடித்துப் பிழைக்கும் தொழிலாளர்களும் பட்டறைக்காரர்களும்