தேர்தல் விதியும் கட்சிப் பற்றும்

தேர்தலொன்று அணுகுங்காலத்து நம் நாட்டில் இருவகைப் பூசல் எழுதல் வழக்கம். எவர் ஆளவேண்டும் என்பது பற்றியது ஒன்று. எவ்விதியின்படி அவரைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பது பற்றியது மற்றொன்று. முன்னையது மக்களாட்சிக்கு இயல்பானது. அது வாக்கெண்ணும் இரவோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பின்னையதோ முடிவு வெளிவந்த பின்னரும் உமிக்குள் நெருப்புப்போல் நெடுங்காலம் கனன்றுகொண்டிருக்கும். தோற்றவர் தம்மைத் தோற்கடித்தது மக்களல்லர், விதியே என்பர். வென்றவரும் தம் வெற்றியை அச்சமின்றி நுகர இயலார். ஆகலின், விதி பற்றிய பூசலை ஆராய்தல் கற்றோர் கடனாகும்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வத்தாற் சிறந்த அமெரிக்க நாட்டில் 2000 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளே இரு வேட்பாளரையும் பிரித்து நின்றன. மீள எண்ணுவதா, நிறுத்துவதா என்ற வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டித் தபால்மூல வாக்குகளைப் பற்றி எழுந்த ஐயமும் சினமும், 2021 சனவரி 6 ஆம் நாள் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கதவுகளையே உடைத்துக்கொண்டு உட்புகுந்தன. அங்கே தேர்தலை நடாத்துவோர் அவ்வம் மாநிலத்தார். வாக்காளர் இடாப்பும் அடையாள அட்டை விதியும் மாநிலந்தோறும் வேறுபடும். நமக்கோ நாடு முழுவதற்கும் ஒரே ஆணைக்குழு, ஒரே இடாப்பு, ஒரே வகை வாக்குச்சீட்டு. இந்நற்பேறு இருந்தும் நாம் விதிப்பூசலினின்று தப்பினோமல்லேம்.

விதியைப் பற்றித் தமிழர் நினைவில் நிற்கவேண்டிய சான்றொன்று உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்து அவ்வூர்ச் சபையார், குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தெரியும் விதிகளைக் கல்லிற் பொறித்தனர். நில உடைமையும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமுண்டு. ஆதலின் அதனை இக்காலத்துப் பொது வாக்குரிமையோடு ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் இரண்டு செய்திகள் நம் கருத்துக்குரியன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மீண்டும் குடத்தில் இடலாகாது என அவர்கள் விதித்தமை ஒன்று. 919 ஆம் ஆண்டில் எழுதிய விதியிற் குறை கண்டு 921 ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியமை மற்றொன்று. வேட்பாளரின் வயதெல்லைகூட அப்போது மாற்றப்பட்டது. விதியை மாற்றுதல் குற்றமன்று என்பது இதனாற் பெறப்படும். குடத்துள் ஓலை விழுமுன்னர், சபை கூடி, யாவரும் காணக் கல்லில் எழுதி மாற்றினர் என்பதே அதன் சிறப்பு. ஓலை விழுந்தபின், அல்லது எவருடைய ஓலை விழும் என அறிந்தபின் மாற்றுவதே குற்றம்.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். 1931 ஆம் ஆண்டு டொனமூர் யாப்பின்வழி ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை பெற்ற நாடு இலங்கை. ஆயின், விடுதலை பெற்ற மறு ஆண்டே அவ்வுரிமையின் ஒரு கிளை வெட்டப்பட்டது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் மலையகத்தினின்று பாராளுமன்றம் புகுந்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரின் இடத்தில் ஒருவரும் இலர். 1977 ஆம் ஆண்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும்வரை, தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியொருவர் தேர்தல் வாயிலாக அம்மன்றம் புக இயலவில்லை. எஞ்சி நின்ற நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. வாக்கெண்ணும் விதியை மாற்றுவதினுங் கொடியது, வாக்காளரையே இடாப்பினின்று மாற்றிவிடுதல். கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து பறித்தோர் அதனை இரண்டு தலைமுறை சுமந்தனர்.

இனிச் சனாதிபதித் தேர்தலுக்கு வருவோம். முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 ஆம் நாள் நிகழ்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1980 ஒக்டோபரில், எதிரணியின் தலையாய தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டிருந்தன. தேர்தல் ஆண்டின் ஆகத்து மாதத்திலோ, பதவியிலுள்ள சனாதிபதி நான்காண்டு கழிந்ததும் தாம் விரும்பிய வேளையில் மக்கள்முன் செல்லலாம் எனும் மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. எதிரணிக்காக நின்றவர் கண்டிப் பகுதியைச் சார்ந்த ஹெக்டர் கொப்பேகடுவ. அவர் தோற்றார், ஜே. ஆர். ஜயவர்த்தன வென்றார். அத்துடன் அமைந்திருப்பின் நன்று. அவ்வாண்டு திசெம்பர் 22 ஆம் நாள், பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு நடாத்தப்பட்டது. விளக்கு ‘ஆம்’ என்பதற்கும், குடம் ‘இல்லை’ என்பதற்கும் சின்னங்கள். விளக்கே வென்றது. 1977 யூலையில் மக்கள் தெரிந்த மன்றத்துக்கு மாற்றான மன்றத்தை அவர்கள் தெரிய 1989 பெப்புருவரிவரை காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் இந்நாடு குடித்த குருதியை நாம் அறிவோம். அதற்கெல்லாம் அவ்வாக்கெடுப்பே காரணம் என்று கூறேன். ஆயின், சினங்கொண்ட இளைஞர்க்கு வாக்குச்சீட்டின் வழி அடைபட்டிருந்தது என்பதை மறுத்தல் அரிது.

விதியைத் தமக்கெனத் திருத்துவோர்க்கு அஃது என்றும் துணை நில்லாது என்பதற்குப் பிற்காலத்துச் சான்றொன்றும் உண்டு. ஒருவர் இருமுறைக்குமேல் சனாதிபதியாதலாகாது எனும் தடை 2010 செப்டெம்பரில் பதினெட்டாவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. அத்தடை நீங்கியமையாலேயே மூன்றாம் முறை களம்புகுந்த மகிந்த ராசபக்ச, 2015 சனவரி 8 ஆம் நாள் மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். அதே ஆண்டிற் பத்தொன்பதாவது திருத்தம் தடையை மீண்டும் நாட்டியது. பதவிக்காலத்தையும் ஆறாண்டினின்று ஐந்தாண்டாகக் குறைத்தது.

அவ்வாறு குறைத்தவர்கள், பதவிக்காலத்தை நீட்டுதல் பற்றிய 83 ஆம் உறுப்புரையில் ‘ஆறாண்டு’ எனும் சொல்லை அப்படியே விட்டுவிட்டனர். எழுத்துப் பிழையளவான அச்சிறு முரண், 2024 ஆம் ஆண்டிற் பெரும் பூசலாய் முளைத்தது. பதவிக்காலம் ஐந்தாண்டா ஆறாண்டா எனத் தெளிவுபடுத்தும்வரை தேர்தலை நிறுத்துக என்று கோரிய மனுக்களை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு யூலையில் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் அச்சொல்லைத் திருத்தும் சட்டமூலமொன்று வர்த்தமானியில் வெளிவந்தது. சொற்றிருத்தம் நல்லதே, ஆயின் தேர்தல் வாயிலில் நின்ற வேளையில் அது வந்தமையால், சர்வசன வாக்கெடுப்பைக் காட்டித் தேர்தலைத் தள்ளிவைப்பரோ எனும் ஐயம் ஊரெங்கும் பரவிற்று. யூலை 26 ஆம் நாள் ஆணைக்குழு தேர்தல் நாளை அறிவித்த பின்னரே அவ்வையம் தணிந்தது.

மக்கள் ஐயுற்றதற்குப் போதிய காரணம் இருந்தது. 2023 மார்ச்சு 9 ஆம் நாள் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை எனும் காரணங் காட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2024 ஆகத்து 22 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6 ஆம் நாளே நடந்தது. எமது மத்திய மாகாணத்தார் தம் மாகாண சபைக்கு வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21 ஆம் நாள். அச்சபையின் காலம் 2018 இல் முடிந்தது. தொகுதிமுறை, விகிதாசார முறை, எல்லை வகுப்பு என விதியைப் பற்றியே வாதிட்டுக்கொண்டு ஆண்டுகள் பல ஆளுநரின் ஆட்சியிற் கழிந்தன. விதியைச் செம்மை செய்வோம் என்று தொடங்கி, தேர்தலையே இழந்த கதை இது.

2024 செப்டெம்பர் 21 ஆம் நாள் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் பெற்றனர். ஒருவரும் செல்லுபடியான வாக்குகளிற் பாதியைத் தாண்டவில்லை. ஆதலின், நம் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிருவர் ஒழிந்த ஏனையோர்க்கு விழுந்த சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றுள் முதலிருவருக்குச் சேர்ந்த விருப்பு வாக்குகளோ, திசாநாயக்கவுக்கு 105,264, பிரேமதாசவுக்கு 167,867. இரண்டையுங் கூட்டினும் 273,131. அஃதாவது, நூற்றுக்கு எட்டுச் சீட்டுகளே இறுதிப் போட்டியிற் பேசின; ஏனைய தொண்ணூற்றிரண்டும் வாய்மூடிக் கிடந்தன. திசாநாயக்கவின் வெற்றி முற்றும் முறையானது. முதலிருவரிடை இருந்த வேறுபாடு ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் இலட்சம். அவ்வேறுபாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல முப்பது இலட்சம் மக்கள் தம் உரிமையைப் பயன்படுத்தாது விட்டனர் என்பதே என் கவலை.

ஏன் அவ்வாறு விட்டனர்? எம்மூரில் யான் வினவியபோது இருவகை விடை கிடைத்தது. ‘இரண்டு என்று எழுதினால் ஒன்றின் வலிமை குறைந்துவிடும்’ என்றார் சிலர். ‘வேறொருவர் பெயருக்கு நேரே எண் இடுதல் எம் தலைவருக்குச் செய்யும் துரோகம்’ என்றார் வேறு சிலர். முதல் விடை அறியாமையின் பாற்பட்டது. வாக்காளர் முதலிற் தெரிந்தவர் போட்டியினின்று விலக்கப்பட்ட பின்னரே அவரது இரண்டாம் விருப்பைப் பார்ப்பர். ஆதலின், இரண்டாம் எண் முதலாம் எண்ணை ஒருபோதும் கெடுக்கமாட்டாது. இரண்டாம் விடையோ கட்சிப் பற்றின் பாற்பட்டது. அதற்கு மருந்து அரிது. தன் கட்சிக்காரன் தோற்றபின் எஞ்சியோருள் எவர் ஆளினும் ஒன்றே என்று கருதும் வெறுப்பே அவ்விடையுள் ஒளிந்திருக்கின்றது. எவர் ஆளினும் ஒன்றே என்றிருத்தல் பெரும்பான்மையினர்க்கு ஒருகால் இயலலாம். எம்மனைய சிறு சமூகத்தார்க்கு அஃது இயலாது.

இதனை எம்மூரார் அறியாதவரும் அல்லர். 1960 ஆம் ஆண்டில் அக்குறணை இருவரைத் தெரியும் தொகுதியாக அமைந்தது. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம், இருவர்க்குப் பகிர்ந்தும் அளிக்கலாம். ஊரில் எண்ணிக்கையாற் குறைந்தோரும் தம் வாக்கைக் குவித்துத் தம் பிரதிநிதியைப் பெறட்டும் என்பதே அவ்விதியின் நோக்கம். பின்னாளில் வெளிநாட்டமைச்சராய் விளங்கிய ஏ. சி. எஸ். ஹமீது பாராளுமன்றம் புகுந்தது அத்தொகுதி வாயிலாகவே. எழுத்தறியா முதியோரும் அன்று எவ்வாறு இரு வாக்கையும் குவிப்பது எனத் தெளிய அறிந்திருந்தனர் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர்தம் பேரப்பிள்ளைகள், பட்டமும் பதவியும் பெற்றும், ஒரு புள்ளடியோடு நின்றுவிட்டனர்.

வாக்களிக்க விரும்பியும் இயலாதோரும் உளர். எம்மூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர். அவர் அனுப்பும் பணம் திறைசேரியை நிரப்புகின்றது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது அப்பணத்தின் அருமையை நாடே உணர்ந்தது. ஆயின், 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. இஃதும் விதி பற்றிய பூசலே. எந்தக் கட்சிக்கு அவ்வாக்குகள் செல்லும் எனக் கணக்கிட்டபின் இதற்கு விடை காண முயல்வோமாயின், மீண்டும் 1949 ஆம் ஆண்டின் வழியிலேயே நடந்தோராவோம்.

ஆகலின், யான் கட்சியார் யாவரையும் வேண்டுவன மூன்று. தேர்தல் விதியை மாற்ற விரும்புவோர் அடுத்த தேர்தலுக்கு ஓராண்டு முன்னரே மாற்றி முடித்தல் வேண்டும்; அதன்பின் வரும் மாற்றம் எதுவாயினும், அடுத்தடுத்த தேர்தலுக்கே பொருந்துவதாகுக. தேர்தற் செலவுக்குரிய பணம் நிதியமைச்சரின் விருப்பத்துக்கு உட்படாது, ஆணைக்குழுவின் கைக்கு நேரே செல்லுதல் வேண்டும். வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என இடும் முறையைப் பள்ளிக்கூடங்களிலும், பள்ளிவாயில்களிலும், கோயில்களிலும், விகாரைகளிலும் கட்சி வேறுபாடின்றிக் கற்பித்தல் வேண்டும்.

முதலிரண்டும் பாராளுமன்றத்தின் கையில் உள்ளன. அவற்றுக்கு நாம் காத்திருக்க நேரலாம். மூன்றாவதற்கு எச்சட்டமும் வேண்டா, எவருடைய இசைவும் வேண்டா. மேல் வகுப்பு மாணாக்கருக்கு வெற்றுத் தாளில் மாதிரிச் சீட்டு வரைந்து காட்ட ஓர் ஆசிரியருக்கு அரை மணி நேரம் போதும். அடுத்த சனாதிபதித் தேர்தலில் முதன்முறை வாக்களிக்கவிருப்போர் இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர்.