சிறிய ரவையும் பெரிய புண்ணும்

துவக்கு என்றதும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று விவசாயியின் நினைவில் எழுவது, யானையையும் பன்றியையும் விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் வேட்டைத் துவக்கே. அதன் ரவை பெருவிரற் பருமன். 2009 வரை நீடித்த போரிலோ, நம் கரையோரத்தார் டீ-56 துப்பாக்கியின் 7.62 மில்லிமீற்றர் ரவையை அறிந்தனர். அதனினும் சிறியதொன்று உலகப் படைகளை ஆள்கிறது. சிறியதாயின் தீங்கும் சிறியதன்றோ என்பார் உளர். அது பெருந்தவறு.

1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், .303 சன்னத்தின் முனைக் கவசத்தை நீக்கி ஈயம் வெளித்தோன்றச் செய்தது வெள்ளையர் ஆட்சி. உடலிற் புகுந்ததும் அது காளான்போல் விரிந்தது. 1899-இல் ஹேக் மாநாடு அத்தகைய சன்னங்களை விலக்கிற்று. சன்னத்தின் அமைப்பை விலக்கினரேயன்றிப் புண்ணின் அளவை வரையறுத்தாரில்லை.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் 5.56 மில்லிமீற்றர் ரவை உருவாயிற்று. நேட்டோவின் 7.62 ரவையின் எடையில் ஏறத்தாழப் பாதியே இதற்கு. ஆகவே படைவீரன் அதே சுமையில் இருமடங்கு ரவைகளை ஏந்தலாம். உதைப்பும் குறைவு. இக்காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் மூன்றரைக் கிராம் சன்னம் நொடிக்கு ஏறத்தாழ 990 மீற்றர் வேகத்திற் பாய்ந்து, உடலினுள்ளே புரண்டு, அண்மைத் தூரத்தில் முறிந்து சிதறுகிறது. கவசம் முழுமையாக இருப்பதால் ஹேக் விதியின் எழுத்தை அது மீறவில்லையாம்! வியட்நாமில் அதன் விளைவை உலகம் கண்டது. 1974-இல் சோவியத் நாடு 5.45 உடன் பின்தொடர்ந்தது. 1980-இல் நேட்டோவும் 5.56-ஐப் பொது அளவாக்கியது.

சுவீடன் முதலிய நாடுகள் ஜெனீவாவில் எதிர்ப்புக் குரல் எழுப்பின. கிட்டியது யாது? சிறுவிட்டத் துப்பாக்கிகளை உருவாக்குவோர் மிகுந்த கவனங் காட்டுக என 1979-இல் ஒரு தீர்மானம். வேண்டுகோளுக்கு எந்த ஆயுதச்சாலை கதவடைத்தது?

2022-இல் அமெரிக்கத் தரைப்படை 6.8 மில்லிமீற்றர் ரவைக்குரிய துப்பாக்கியைத் தெரிந்தெடுத்துவிட்டது. புதிய ரவை எதுவும் படைக்கு வருமுன் அதன் புண் விளைவு சோதிக்கப்பட்டு வெளியிடப்படல் வேண்டும். மரபுவழி ஆயுத உடன்படிக்கையில் 2004-இல் சேர்ந்த இலங்கை, ஜெனீவாவில் இதனைக் கேட்கலாம். புண்பட்ட நாட்டுக்கு அவ்வுரிமை உண்டு. அப்புண்களை அறுத்துத் தைத்த வைத்தியர்கள் நம் கரையிலேயே இருக்கின்றனர். அவர்தம் சாட்சியத்தைத் தொகுத்துப் பாராளுமன்றத்தில் வைக்கக் கிழக்கின் உறுப்பினர்கள் முன்வருவார்களா?