8 நாளில் 6 நகரம்: இந்தியா டூர் விளம்பரங்களுக்கு ஒரு கணக்கு



பாடசாலை விடுமுறை நெருங்கினால் எல்லா வட்ஸ்அப் குழுமங்களிலும் ஒரே மாதிரி விளம்பரம்தான். தாஜ்மஹால் படம், மேலே ஒரு விமானம், கீழே "8 நாட்கள், 6 நகரங்கள்! டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அஜ்மீர், ஸ்ரீநகர், சென்னை. ஹலால் உணவு. ஆசிரியர்களுக்கு விசேட சலுகை. தவணை முறையும் உண்டு." அதற்குக் கீழே நம்ம டீச்சர்மாரும் சேர்மாரும் "டீடெய்ல்ஸ் ப்ளீஸ்" என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பற்றி எழுதவேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள். ஏஜென்சி நடத்துபவர்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகளாம், வயிற்றில் அடிக்கக்கூடாதாம். சரி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, சில வீடுகளில் பெண்டுகளின் நகையை அடகு வைத்துப் போகிறவர்களும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே. அவர்களுடைய வயிற்றை யார் பார்க்கிறது?

முதலில் நாட்டின் அளவைப் பேசுவோம். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். இந்தியா ஏறத்தாழ 33 லட்சம். அதாவது நம்முடையதைப் போல் 50 நாடுகள். 8 நாளில் இலங்கையையே ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க முடியாது என்று நமக்குத் தெரியும். கொழும்பில் இருந்து ஒரு குடும்பம் வந்து "3 நாளில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, கண்டி, நுவரெலியா எல்லாம் பார்க்கப் போகிறோம்" என்று சொன்னால் சிரிப்போம். இந்தியா என்று வந்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை, காசு கட்டுகிறோம்.

அந்த விளம்பரத்தில் ஸ்ரீநகரையும் சென்னையையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தரைவழியாகக் கணக்குப் பாருங்கள். டெல்லியில் இருந்து ஆக்ரா சுமார் 230 கிலோமீற்றர். ஆக்ராவில் இருந்து ஜெய்ப்பூர் 240. ஜெய்ப்பூரில் இருந்து அஜ்மீர் 135. அஜ்மீரில் இருந்து திரும்ப டெல்லி 400. கூட்டினால் 1,000 கிலோமீற்றர். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டரைத் தடவை. பஸ்ஸில் குறைந்தது 18 மணித்தியாலம், அதுவும் வழியில் நெரிசல் இல்லாவிட்டால். சிறு பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள உம்மாமாரோடும் இந்த 18 மணித்தியாலத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இறங்கிப் பார்ப்பதற்கு இடத்துக்கு ஒன்றரை மணித்தியாலம், அதில் பாதி போட்டோவுக்கு.

இனி டிக்கட் விஷயம். இதை எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், இந்தியருக்கு ஒரு கட்டணம். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் நாடுகளின் பிரஜைகளுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. இலங்கை இரண்டிலுமே உறுப்பு நாடு. ஹுமாயூன் சமாதியிலும் குதுப் மினாரிலும் வெளிநாட்டவருக்குக் கவுண்டரில் 600 இந்திய ரூபா. இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் இந்தியரைப் போல் 40 ரூபா. தாஜ்மஹாலில் வெளிநாட்டவருக்கு 1,100, நமக்கு 540. உள்ளே சமாதிக் கட்டடத்துக்கு ஏறுவதற்கு 200 ரூபா எல்லோருக்கும் தனி. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு எந்த நாட்டவராக இருந்தாலும் இலவசம்.

இப்போது தரம் 8 பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்கு ஒன்று. தாய், தகப்பன், 15க்குக் கீழே இரண்டு பிள்ளைகள். மூன்று இடங்கள். "வெளிநாட்டவர் கட்டணம்" என்று தலைக்கு 2,300 ரூபாவை 4 பேருக்கும் பெக்கேஜில் ஏற்றினால் 9,200 இந்திய ரூபா. உண்மையில் கொடுக்கவேண்டியது 620 வீதம் பெரியவர்கள் இருவருக்கு 1,240. வித்தியாசம் 7,960. இந்திய ரூபா ஒன்று நம்முடைய மூன்றரை ரூபா என்று வைத்தால் 27,860 ரூபா. ஒரே குடும்பத்தில், மூன்றே மூன்று இடத்தில். ஒரு பஸ்ஸில் பத்துக் குடும்பம் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா ஏஜென்சியும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். "நுழைவுக் கட்டணம் எந்த விகிதத்தில் போட்டிருக்கிறீர்கள், சார்க் விகிதத்திலா?" என்ற ஒரு கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஓர் ஏஜென்சியிடம் இதைக் கேட்டது. வந்த பதில்: "அதெல்லாம் சேர்த்துத்தான் டீச்சர் போட்டிருக்கம், தனித்தனியாக் கணக்குப் பார்த்தா பரக்கத் போயிடும்."

பரக்கத்தை இழுத்து வியாபாரத்தை மறைக்கிற இந்தப் பழக்கம்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கணக்குக் கேட்டால் பரக்கத் போய்விடும் என்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று மிம்பரில் கேட்கும்போது தலையாட்டுகிறோம். பெக்கேஜ் என்பதும் ஒரு நிறுவைதான்.

அடுத்தது "தவணை முறை". 5 லட்சத்தை வங்கியில் 14 வீத வட்டிக்கு மூன்று வருடத்துக்கு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 17,000க்கு மேல் வெட்டும். மொத்தமாக 6 லட்சத்து 15 ஆயிரம் கட்டுவீர்கள். 8 நாள் டூருக்கு 36 மாதச் சம்பளத்தில் வெட்டு. வட்டியின் சட்டம் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அஜ்மீருக்கு ஸியாரத் என்று பெயர் போட்டு, வட்டிக் கடனில் ஆள் சேர்க்கிற விளம்பரத்துக்குக் கீழே "மாஷா அல்லாஹ்" என்று கமெண்ட் போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். (ஸியாரத் கூடுமா கூடாதா என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். அதற்கு வேறு பக்கங்கள் நிறைய இருக்கின்றன.) இடர் கடன் எடுத்து டூர் போகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான். அந்தக் கடனின் பெயரே என்ன என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

நாட்களையும் யாரும் பார்ப்பதில்லை. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கு அங்குள்ள பள்ளியில் ஜும்ஆ தொழ அந்த ஊர்வாசிகளுக்கு மட்டும்தான் அனுமதி. டெல்லி நிசாமுத்தீன் நிலையத்தில் இருந்து 100 நிமிடத்தில் ஆக்ரா போகும் கதிமான் ரயிலும் வெள்ளிக்கிழமை ஓடாது. முஸ்லிம்கள் நடத்துகிற, முஸ்லிம்கள் போகிற டூரில் வெள்ளிக்கிழமையை ஆக்ராவில் வைத்த பயண அட்டவணையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவில் பனிமூட்டம், ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதிக்கும். மே, ஜூனில் டெல்லி வெயில் 40 பாகையைத் தாண்டும். நம்ம முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை வருவதே நோன்பில். ஆகவே நமக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளில் எந்தப் பிரதேசம் பொருந்தும் என்று பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்யவேண்டும். நாம் இடத்தைத் தெரிவு செய்துவிட்டு நாளைத் தேடுகிறோம்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க, வீட்டுல இருக்கவா?" என்று கேட்பார்கள். இல்லை. போங்கள். பயணம் போவது இஸ்ராஃப், டீச்சர்மாருக்கு எதுக்கு டூர் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. வருடம் முழுக்க சுண்ணக்கட்டித் தூளை விழுங்குகிறவர்களுக்கு ஒரு வாரம் வேறு காற்றுச் சுவாசிக்க உரிமை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஒரு பிரதேசத்துக்குப் போங்கள் என்பதுதான் என் பேச்சு.

டெல்லிதான் ஆசை என்றால் டெல்லியிலும் ஆக்ராவிலும் மட்டும் ஆறு நாள் இருங்கள். ஷாஜஹான் கட்டிய ஜும்ஆப் பள்ளியில் தொழுதுவிட்டு எதிரில் மட்டியா மஹல் தெருவுக்குள் நடந்தால் "ஹலால் கிடைக்காது" என்று சமையல்காரருக்கும் சேர்த்துக் காசு வாங்கினவர்களின் கதை எப்படிப்பட்டது என்று விளங்கும். நிசாமுத்தீன் பகுதிக்குள் ஒரு மாலை முழுக்க நடங்கள். அமீர் குஸ்ரூவும் காலிபும் அடங்கியிருப்பது அங்கேதான். அதற்கு டிக்கட்டே கிடையாது.

என்னைக் கேட்டால் நம்ம பிள்ளைகளுக்கு முதலில் காட்டவேண்டியது டெல்லியே இல்லை, கேரளக் கரை. கொழும்பில் இருந்து கொச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. கொச்சிக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் கொடுங்கல்லூர் சேரமான் பள்ளி. அங்கிருந்து ரயிலில் கோழிக்கோடு, அதாவது நம்ம புத்தகத்தில் வருகிற கள்ளிக்கோட்டை. குற்றிச்சிறையில் மிஷ்கால் பள்ளி, மரத்தால் அடுக்கடுக்காக எழுப்பியது. 1510இல் போர்த்துக்கேயர் தீ வைத்த பள்ளி அது. 1505இல் இங்கே வந்து, 1626இல் முஸ்லிம்களைத் தங்கள் பகுதிகளில் இருந்து வெளியேற்றிய அதே போர்த்துக்கேயர். செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றிய கதையைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய பிள்ளை, அந்தப் பள்ளியின் வாசலில் நின்றால் பாடம் வேறு மாதிரி விளங்கும். சீதாவக்கை மாயாதுன்னைக்கு உதவியாகக் கடற்படை வந்ததும் கள்ளிக்கோட்டை சாமோரினிடம் இருந்துதான். வடகரைக்குப் பக்கத்தில் குஞ்ஞாலி மரைக்கார் நினைவு இல்லம் இருக்கிறது. இன்னும் கிட்ட வேண்டுமென்றால் காயல்பட்டினம், கீழக்கரை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) இங்கே வந்துபோன காலத்தின் அடையாளங்கள் நம்ம எத்தனை ஊர்ப் பள்ளிகளில் இருக்கின்றன! எந்த விளம்பரத்திலாவது இந்த ஊர்களின் பெயர் வந்திருக்கிறதா?

கணக்கை எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கொப்பியில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு தடவை மட்டும் வரும் செலவு: விமான டிக்கட், விசா, ஊருக்கு ஊர் ரயில், வீட்டில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வேன். இந்த வேன் காசைக் கிழக்கில் இருக்கிறவர்கள் எப்போதும் மறக்கிறார்கள். மற்றப் பக்கத்தில் தினச் செலவு. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு, சாதாரண அறைக்கு 2,000 இந்திய ரூபா, சாப்பாட்டுக்கு 1,600, உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நுழைவுக்கும் 1,400 என்று எடுத்தால் நாளுக்கு 5,000. நம்ம காசில் 17,500. ஏழு நாளைக்கு 1 லட்சத்து 22 ஆயிரத்து 500. இது நான் போடும் உத்தேசம், உங்களுடைய கை அகலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். விமான டிக்கட் விலை நாளுக்கு ஒன்றாக இருப்பதால் அதை நான் எழுதவில்லை, நீங்களே பாருங்கள். இந்த இரண்டு பக்கத்தையும் கூட்டி, பத்தில் ஒரு பங்கை நோய் நொடிக்கென்று சேர்த்து, பெக்கேஜ் விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் நியாயமாக இருந்தால் ஏஜென்சியோடே போங்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் தப்பில்லை.

ரயில் இருக்கைகள் பயணத்துக்கு 60 நாளுக்கு முன்னரே திறந்துவிடும், கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. இ-விசாவுக்கு அரசாங்கத் தளம் ஒன்றே ஒன்றுதான், முகவரி "கவ் டொட் இன்" என்று முடியும். அதைப் போல் வேடம் போட்ட தளங்கள் நிறைய இருக்கின்றன, கார்ட் இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். யாராவது பழைய 2,000 ரூபா இந்தியத் தாள் தந்தால் வாங்கவேண்டாம், 2023இல் அதைப் புழக்கத்தில் இருந்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கொப்பியில் மூன்றாவது பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. சாமான். மாமிக்குச் சாரி, மச்சிமாருக்குச் சுடிதார், ராத்தாட பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு, பக்கத்து வீட்டுக்குப் போர்வை. "இந்தியா போய் வெறுங்கையோட வந்தா என்ன நினைப்பாங்க?" இந்த ஒரு வசனத்துக்காக ஒரு நாள் முழுக்க தி.நகரில் வியர்த்து, எயார்போர்ட்டில் மேலதிக நிறைக்கும் காசு கட்டுகிறோம். பெரும்பாலும் அந்தப் பட்டியலைத் தலையில் சுமப்பவள் வீட்டுப் பெண். டூர் முழுக்க அவளுக்கு யாருக்கு என்ன வாங்கியது, யாருக்கு விட்டுப்போனது என்ற கவலை. அவளுக்கு அது விடுமுறையே இல்லை. உறவினர்களே, போகிறவர்களிடம் ஒன்றும் கேட்காதீர்கள். ஆண்களே, உங்கள் பக்க உறவுக்கு "வாங்க மாட்டோம்" என்று சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுங்கள். அதை மனைவியின் வாயால் சொல்ல வைத்துக் கெட்ட பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஏஜென்சி நடத்தும் சகோதரர்களுக்கு: உங்கள் பெக்கேஜை விமானம், அறை, வாகனம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், உங்கள் இலாபம் என்று ஆறு வரியாகப் பிரித்து இந்தப் பதிவுக்குக் கீழேயே போடுங்கள். முதலில் போடுகிறவருடைய விளம்பரத்தை என் பக்கத்தில் நானே பகிர்கிறேன், ஒரு சதமும் வேண்டாம். ஆனால் "டீச்சர், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலாக் குறைச்சுத் தாறேன்" என்று இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.