பதக்கம் வெறும் தகரமா?

என் மாமனார் 1971 போரின்போது பட்டாளத்தில் இருந்தவர். பிறகு ஊரோடு வந்து மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தார். 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான காலத்தில் படையில் இருந்து, அதற்கான தகுதி பெற்றவர்களுக்கு 'சங்ராம்' பதக்கம் உண்டு. இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அது ஏறவே இல்லை. சேர்க்கச் சொல்லிப் போனால், "இதுக்குக் காசா வரப்போகுது? இந்த வயசுல எதுக்கு பெரியவரே?" என்று கேட்கிறார்கள்.

காசு வராதுதான். உப்பு வாருகிறவருக்குக் கணக்கில் ஒரு மூட்டை விட்டுப்போனால் சும்மா இருப்பாரா? சேர்ந்த தேதி, வந்த தேதி எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. பார்த்துச் சேர்ப்பதை விட்டு, முட்டி வலிக்காரரை ஏன் பஸ் ஏற வைக்க வேண்டும்?

பட்டாளத்து வீட்டுச் சகோதரிகளே, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதக்கத்தோடு, மனைவி பெயரும் பிறந்த தேதியும் சரியா என்றும் பாருங்கள். அதில் தப்பிருந்தால் குடும்ப பென்ஷனுக்கு நாளைக்கு அலையப்போவது நாம்தானே! படை எண்ணைக் குறிப்பிட்டு, புத்தக நகலுடன் அவருடைய ரெஜிமெண்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விவரம் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

- ஒரு வாசகி, மரக்காணம்.