வராதவர்களின் கணக்கு

அமெரிக்காவில் குடியேறிகளின் நலத்திட்டங்களைப் பற்றி எழும் சண்டை எல்லாமே வாங்கியவர்களைப் பற்றித்தான். எத்தனை பேர் வாங்கினார்கள், எவ்வளவு செலவானது, தகுதியில்லாமல் எத்தனை பேர் நுழைந்தார்கள். அரசுக்குச் சுமையாகக்கூடியவர் என்று தோன்றினால் கப்பலிலிருந்து இறங்கவே விடக்கூடாது என்று 1882ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 187ஆம் முன்மொழிவை ஏறக்குறைய 59 சதவீத வாக்குகளோடு நிறைவேற்றினார்கள். ஆவணமற்றவர்களுக்கு அவசர சிகிச்சை தவிர மற்ற மருத்துவமும் கிடையாது, அரசுப் பள்ளியும் கிடையாது என்றது அது. நீதிமன்றம் அதை முடக்கினாலும் அதன் மனநிலை இரண்டே ஆண்டில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. 1996இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், முறையான விசாவோடு வந்தவர்களையே முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பெரும்பாலான மத்திய அரசு உதவிகளிலிருந்து விலக்கி வைத்தது.

தகுதி இருந்தும் கவுன்டர் பக்கம் வராதவர்களை யார் எண்ணுவது? புள்ளிவிவரத் துறைக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. அவர்களுடைய வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து கேட்ட சமூகவியலாளர்களில் செசிலியா மென்ஹீவார் முக்கியமானவர். எல் சல்வடோரில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலிஸில் பேராசிரியர், அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

2000இல் வெளிவந்த அவருடைய நூல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சல்வடோர் மக்களைப் பற்றியது. குடியேறிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் பிடித்த நம்பிக்கை. தாராளவாதிகள் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சாக்காகச் சொல்வார்கள். மென்ஹீவார் அந்த நம்பிக்கையைக் கலைத்துப் போட்டார். உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த அந்த மக்களுக்கு 1980களில் அமெரிக்கா பெரும்பாலும் புகலிடம் மறுத்தது. வந்து இறங்குகிறவர் உறவினர் வீட்டைத்தான் நம்பி வருகிறார். அந்த உறவினருக்கே நிலையான வேலை இல்லை, வாடகை பாக்கி, கையில் காகிதமும் இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே வாரங்கள் மாதங்களாக நீண்டபோது பேச்சு குறைந்தது, மனத்தாங்கல் வந்தது, சில வீடுகளில் உறவே முறிந்தது. பாசம் வற்றியதால் இப்படி ஆகவில்லை என்பதுதான் அவர் சொல்ல வருவது. கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாதவர்களிடம் உறவுமுறை என்ன செய்யும்? சட்டமும் வேலைச்சந்தையும் சேர்ந்து குடும்பத்தின் கையை வெறுமையாக்கிவிட்டு, பிறகு குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வதன் கயமை அந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இதற்கு மறுபக்கத்தையும் அவர் எழுதினார். 2002இல் வந்த கட்டுரையில், லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் குவாத்தமாலாப் பெண்கள் மருத்துவத்தை எப்படித் தேடிக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறார். தோழியிடம் யோசனை, தெரிந்தவர் வழியாக மருந்து, ஊரிலிருந்து வந்து சேரும் உதவி. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைப் பண்பாடு என்று எழுதிவிட்டுப் போவார். காப்பீடு இல்லாதவர் வேறு எங்கே போவார் என்ற எளிய கேள்வியை அவர் விடுவதில்லை.

2001இல் நிலநடுக்கங்களுக்குப் பிறகு சல்வடோர் மக்களுக்குத் தரப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு, பெரும்பாலும் பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித்து நீட்டித்து இருபது ஆண்டுகளைத் தாண்டியது. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் நிறுத்தப்பட்ட இந்த வாழ்க்கையைப் பற்றி 2006இலும், லீசி ஆப்ரேகோவுடன் சேர்ந்து, சட்டமே வன்முறையாக இயங்கும் விதத்தைப் பற்றி 2012இலும் அவர் எழுதினார். அடி விழுவதில்லை, ரத்தம் வருவதில்லை. ஆனாலும் குடும்பத்திலும் வேலையிடத்திலும் பள்ளியிலும் காயம் படிப்படியாகச் சேர்கிறது.

இந்தக் காயத்துக்குச் சட்டம் அமலுக்குக்கூட வர வேண்டியதில்லை. 1996க்குப் பிறகு, அந்தச் சட்டம் தொடாத அகதிகளும் உதவிகளிலிருந்து விலகினார்கள் என்பதை ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபிக்ஸும் ஜெஃப்ரி பாசலும் அப்போதே காட்டினார்கள். அரசு உதவி பெற்றவருக்கு கிரீன் கார்டு மறுக்கலாம் என்னும் விதியை ட்ரம்ப் அரசு 2018 அக்டோபரில் முன்வைத்தது. அது அமலுக்கு வந்ததோ 2020 பிப்ரவரியில். ஆனால் 2018 டிசம்பரில் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பிலேயே, குடியேறிக் குடும்பங்களைச் சேர்ந்த பெரியவர்களில் ஏழில் ஒருவர், தானோ வீட்டில் ஒருவரோ உதவியைத் தவிர்த்ததாகச் சொல்லிவிட்டார். அமெரிக்கக் குடிமகனான குழந்தை வாங்கும் உணவு உதவியை அந்த விதி கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் பயம் விதியின் உட்பிரிவுகளைப் படிப்பதில்லை.

அந்த விதியோடு வந்த பதினெட்டுப் பக்கப் படிவத்தை நம் மென்பொருள் பொறியாளர்கள் சிலரும் நிரப்பியிருப்பார்கள். கடன் எவ்வளவு, கிரெடிட் மதிப்பெண் என்ன, மருத்துவக் காப்பீடு உண்டா என்றெல்லாம் அது கேட்டது. இறைச்சி ஆலைத் தொழிலாளியும் கணினிக்காரரும் ஒரே சல்லடையில் விழுந்த அபூர்வமான தருணம் அது. அதிலிருந்து தோழமை பிறந்ததாக நமக்குத் தெரியவில்லை. “நாங்கள் வரிசையில் நின்று வந்தவர்கள்” என்ற பேச்சுதான் இன்னும் காதில் விழுகிறது.

பயம் உடலில் என்ன செய்யும் என்று பார்க்க, இனி போஸ்ட்வில். அயோவா மாநிலத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். 2008 மே 12 அன்று அங்கிருந்த இறைச்சி ஆலைக்குள் மத்திய அரசு அதிகாரிகள் நுழைந்து 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலில் வைத்து, கூட்டம் கூட்டமாக அவர்களிடம் குற்ற ஒப்புதல் வாங்கினார்கள். சில தாய்மார்கள் காலில் கண்காணிப்புப் பட்டையோடு பிள்ளைகளிடம் திரும்பினார்கள். ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயம் புகலிடமானது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நிக்கோல் நோவாக், ஆர்லீன் ஜெரோனிமஸ், அரேஷா மார்ட்டினெஸ்-கார்டோசோ ஆகியோரின் ஆய்வு வந்தது. போஸ்ட்வில் சோதனைக்குப் பிந்தைய 37 வாரங்களில் அயோவா முழுவதும் பிறந்த குழந்தைகளை, முந்தைய ஆண்டின் அதே வாரங்களில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். லத்தீன் அமெரிக்க வழிவந்த தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, குடியுரிமையோடு வாழும் லத்தீன் பெண்களும் தப்பவில்லை. வெள்ளைத் தாய்மார்களிடம் அந்த ஏற்றமே இல்லை. போஸ்ட்வில்லைக் கண்ணால் பாராத, யாரும் தேடி வராத ஒரு பெண்ணின் கருப்பைக்குள் அந்தச் சோதனை புகுந்திருந்தது.

இந்த ஆய்வை மதிக்கிறோம். கூடவே ஒரு எரிச்சலும் வருகிறது. தூக்கம் வரவில்லை, கதவு தட்டினால் நெஞ்சு அடைக்கிறது என்று அந்தப் பெண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததைச் சமூகவியலாளர்கள் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதெல்லாம் ‘நேர்காணல்’. 2500 கிராமுக்குக் கீழே என்று தராசு சொன்ன பிறகுதான் அது ‘சான்று’. ஏழையின் சொல்லை நம்புவதற்கு அவள் குழந்தையை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஒளிந்து வாழ்கிறார்கள் என்று இதையெல்லாம் வைத்து முடிவுகட்டுவதும் தவறு. டாலஸ் பகுதியில் ஆய்வு செய்த அசாத் எல். அசாத், 2023 நூலில் அந்தப் படத்தைத் திருத்துகிறார். ஆவணமற்ற பெற்றோர் பலர் வரி ரசீதையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துகிறார்கள். என்றைக்காவது ஓர் அதிகாரி கேட்டால் நல்ல தாய், நல்ல தகப்பன் என்று காட்ட அவைதான் கையில் இருக்கும். எந்த அலுவலகத்துக்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நாள்தோறும் எடைபோட்டு வாழ்கிறவர்கள் அவர்கள்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் தரும் விவரங்களைக் குடியேற்ற நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2013இல் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை எழுத்திலேயே உறுதி தந்தது. அதை நம்பித்தான் சமூகப் பணியாளர்கள் தாய்மார்களைப் பதிவு செய்ய வைத்தார்கள். 2025 ஜூனில் கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களில், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பயனாளிகளின் விவரங்கள், முகவரியோடும் குடியேற்ற நிலையோடும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. இருபது மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். இதற்கிடையில் ஒரு கர்ப்பிணி பரிசோதனைக்கு வராமல் போனால், விழிப்புணர்வுக் குறைவு என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கையை இந்த இதழ் நம்பப்போவதில்லை.