விளையாட்டுக் கடையா, வினைக் கடையா?

ரவாங் வட்டாரத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. நட்டஈட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து டவுனில் ஒரு கடை எடுத்து வீடியோ விளையாட்டு இயந்திரங்களைப் போட்டால், உட்கார்ந்த இடத்தில் காசு கொட்டுமாம்! கொட்டட்டும். யார் பையில் கொட்டும் என்பதே நம் கேள்வி.

தொழில் செய்ய ஆசைப்படுவது குற்றமல்ல. தொழிலாளியின் மகன் தொழிலாளியாகவே சாகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இதே ரவாங்கில் 1894-ஆம் ஆண்டிலேயே ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்கள் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும். ஆனால் அந்த இயந்திரம் அவர்களுக்கே சொந்தம். அதை மறக்க வேண்டாம்!

இங்கே நடக்கப்போவது என்ன? இயந்திரம் வாங்கப் பணம் போதாது. உடனே ஒரு முதலாளி வருவார். “இயந்திரம் என்னுடையது, கடை உன்னுடையது, வசூலில் ஆளுக்குப் பாதி” என்பார். வாடகையும் மின்கட்டணமும் ஆள் கூலியும் நம் தலையில். வசூல் குறைந்ததும், மூலையில் வேறு வகை இயந்திரம் இரண்டை வைப்பார். அன்றோடு பிள்ளைகள் விளையாடும் கடை சூதாட்டக் கடையாகிவிடும். சோதனை வரும் நாளில் அவர் இருக்கமாட்டார். 1953-ஆம் ஆண்டின் சூதாட்டக் கூடச் சட்டப்படி அபராதமும் சிறையும் கடையை நடத்தும் நம் பையனுக்கு!

சிலாங்கூரில் இத்தகைய கடைக்கு 1995-ஆம் ஆண்டின் பொழுதுபோக்கு இடங்கள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ரவாங் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. “முதலில் திற, லைசென்ஸைப் பிறகு பார்க்கலாம்” என்பவன் நண்பன் அல்லன்.

அந்தப் பணம் எப்படி வந்தது? ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. 25 ஆண்டு பால் வெட்டியவருக்கு 500 நாள் சம்பளம். கால் நூற்றாண்டு இருட்டில் எழுந்து பிரட்டுக்குப் போன உழைப்பின் மிச்சம் அவ்வளவுதான். அதையா அடுத்தவன் இயந்திரத்துக்கு அடகு வைப்பது?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. கொடுத்த கூலியைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் பிடுங்கிய கடை அது. இன்று பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுக் காசைப் பிடுங்கும் கடைக்கு நாமே கதவு திறப்பதா?

சேர்ந்து முதல் போடுவது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் தோட்டமாகவே மாறியது. பொருள் நமக்குச் சொந்தமாயிற்று!

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இயந்திரம் யாருடையது? லைசென்ஸ் யார் பேரில்? காசு போடப்போவது யார் பிள்ளை? மூன்றுக்கும் கூசாமல் பதில் சொல்லக்கூடியவர் கடை திறக்கட்டும்; நாமே வந்து வாழ்த்துவோம். சொல்ல முடியாதவர் பணத்தை வீட்டிலேயே வைத்திருக்கட்டும். அது மனைவி மக்களின் சோறு!